ஒருமுறை குணமான ஏரி: ஈரி ஏரிக்குப் பாசி திரும்பி வந்தது எப்படி?

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடிய இன்னும் நேரம் இருக்கிறது, இரண்டு மணிவாக்கில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பு விடுகிறது: குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சரி, தண்ணீர் கெட்டுப்போனால் எங்கேயும் சொல்வதுதானே, கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தால் போயிற்று என்று நினைப்பவர்களுக்காகவே அதில் இன்னொரு வரி இருந்தது. கொதிக்கவைக்கவும் வேண்டாம், வைத்தால் இன்னும் மோசமாகும்.

இந்த நிகழ்வுக்குள் என்னை இழுத்தது அந்த இரண்டாவது வரிதான். கிருமி என்றால் கொதியில் சாகும். டொலிடோ தண்ணீரில் இருந்தது மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு. நீலப்பச்சைப் பாசி என்று பழக்கத்தில் சொல்கிறோமே, உண்மையில் பாசி இனத்திலேயே சேராத ஒரு பாக்டீரியா, அது தயாரிக்கும் பொருள். ஈரலைத் தாக்கும். கொதிக்கும் சூடு இந்த மூலக்கூறை ஒன்றும் செய்யாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சமிருக்கும் தண்ணீரில் நச்சின் அடர்த்திதான் ஏறும்.

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சில மணி நேரத்தில் சுற்றுவட்டாரக் கடைகளில் தண்ணீர் பாட்டில் காலி, மக்கள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான மிச்சிகன் வரைக்கும் போய்த் தேடினார்கள், ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார், தேசியக் காவல்படை தண்ணீர் கொண்டுவந்து விநியோகித்தது. உலகத்தின் மிகப் பெரிய நன்னீர்த் தொகுதியின் கரையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மூன்றாம் நாள், ஆகஸ்ட் 4 காலையில், மேயர் எல்லோர் முன்னாலும் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார், தடை நீங்கியது, டிவிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் இந்த மூன்று நாளை மட்டும் பார்த்தால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஏதோ கோளாறு என்பதுபோல் தெரியும். நடந்தது அதைவிடப் பழைய விஷயம். ஈரி ஏரி ஏற்கெனவே ஒருமுறை இதே நோயில் விழுந்து, அரசாங்கங்கள் சேர்ந்து வைத்தியம் பார்த்து, குணமாகி, பாடப்புத்தகத்தில் வெற்றிக் கதையாக ஏறிய ஏரி. அப்புறம் எப்படித் திரும்பியது? வைத்தியத்தின் இலக்காக வைத்த எண் எட்டப்பட்ட பிறகும் திரும்பியது என்பதுதான் இதில் என்னை உறுத்துகிற இடம்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம்

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டர். அதிலும் மேற்குக் கோடியில் டொலிடோ பக்கம் இருக்கும் பகுதியின் சராசரி ஆழம் 7.4 மீட்டர்தான், ஒரு இரண்டு மாடி வீட்டின் உயரம். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடேறும், வெளிச்சம் உள்ளே இறங்கும், காற்றடித்தால் அடிவரை கலங்கும். பாசிக்கு இதைவிட நல்ல தொட்டி கிடையாது. ஏறத்தாழ 1.1 கோடிப் பேருக்குக் குடிநீர் தரும் ஏரியும் இதுதான்.

இன்னொரு குணம்: ஈரியின் தண்ணீர் முழுவதும் வெளியேறிப் புதுத் தண்ணீர் வர இரண்டரை ஆண்டுகள் போலத்தான் ஆகும். சுப்பீரியர் ஏரிக்கு அது கிட்டத்தட்ட 190 ஆண்டுகள். அதனால் ஈரி சீக்கிரம் கெடும், உள்ளே வருவதைக் குறைத்தால் சீக்கிரம் தேறவும் செய்யும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

மேற்குக் கோடியில் வந்து சேரும் ஆற்றின் பெயர் மாமீ. சிரிக்காதீர்கள், உச்சரிப்பே அப்படித்தான். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பிறந்து டொலிடோ வழியாக ஏரியில் விழுகிறது. ஈரிக்கு மிக அதிகத் தண்ணீர் கொண்டுவருவது டெட்ராய்ட் ஆறு, ஆனால் அந்தத் தண்ணீர் ஒப்பீட்டளவில் சுத்தம். மாமீ கொண்டுவரும் தண்ணீர் கொஞ்சம், சத்து ஏராளம். ஏன் என்றால் அது ஓடிவரும் ஏறக்குறைய 17,000 சதுர கி.மீ. நிலத்தில் பெரும்பகுதி சோளமும் சோயாவும் விளையும் வயல்.

முதல் நோய், முதல் வைத்தியம்

1960களில் ‘ஈரி செத்துவிட்டது’ என்று பத்திரிகைகள் எழுதின. பார்க்கப்போனால் அது நேர் எதிர், ஏரியில் உயிர் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டிருந்தது. கரையெல்லாம் பச்சைச் சேறு, பாசி மடிந்து அடியில் போய் அழுகும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட, அடித்தண்ணீரில் மீனுக்கு மூச்சு இல்லை. 1969 ஜூன் 22 அன்று, ஈரியில் கலக்கும் குயஹோகா ஆறு தீப்பிடித்ததைச் சொல்லாமல் இந்தக் கதையை யாரும் எழுதுவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எண்ணெய்க் கழிவு எரிந்த விவகாரம், பாசியோடு அதற்குத் தொடர்பில்லை. மக்களின் கோபத்தைக் கிளப்பிவிட்டதில்தான் அந்த நெருப்புக்குப் பங்கு.

பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ் என்று ஏரி ஆய்வாளர்கள் சொன்னார்கள். செடி வளர எல்லாமே வேண்டும், ஆனால் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சிக்குக் கடிவாளம். நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் அந்தக் கடிவாளம் பாஸ்பரஸ். அந்தக் காலத்துச் சலவைத்தூள்களில் எடையில் பாதிவரை பாஸ்பேட் இருந்தது, அதெல்லாம் சாக்கடை வழியாக நேரே ஏரிக்கு. சோப்புக் கம்பெனிகள் சும்மா இருக்குமா, பாசிக்குக் காரணம் கார்பன்தான், எங்கள் பாஸ்பேட் இல்லை என்று வாதாடின.

இதற்குக் கனடாவின் ஒண்டாரியோவில் கிடைத்த பதில், சுற்றுச்சூழல் அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய மாதிரி இருக்கும் ஒரு சின்ன ஏரி, பெயர்கூடக் கிடையாது, 226 என்ற எண் மட்டும். டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973-இல் அந்த ஒடுங்கிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அதே இரண்டோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் போட்ட பாதி அந்தக் கோடைக்குள் பச்சைப் பசேல் என்று ஆனது, மறுபாதி அப்படியே கருநீலம். வானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படத்துக்கு அப்புறம் கார்பன் வாதம் எடுபடவில்லை.

இதற்குள் 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகள் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் தூயநீர்ச் சட்டம். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பணம் கொட்டினார்கள், வெளியே விடும் தண்ணீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றார்கள், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். ஈரிக்கு 1978-இல் ஓர் இலக்கு எண் குறித்தார்கள்: மொத்த பாஸ்பரஸ் ஆண்டுக்கு 11,000 டன். 1960களின் இறுதியில் அது 20,000 டன்னுக்கும் மேல் இருந்தது. 1980களின் தொடக்கத்திலேயே ஈரி 11,000-ஐத் தொட்டுவிட்டது. பாசி அடங்கியது, தண்ணீர் தெளிந்தது, வால்ஐ மீன் திரும்பிவந்தது, மீன்பிடி படகுகளுக்கு வேலை வந்தது. சீக்கிரம் தேறும் ஏரி என்று சொன்னேனே, அது இங்கே கைகொடுத்தது.

நியாயமாகச் சொன்னால் இது பெரிய சாதனை. இரண்டு நாடுகள், பல மாநிலங்கள், சொன்னதைச் செய்துகாட்டின. இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

திரும்பி வந்தது

1990களின் நடுவில் ஏதோ மாறியது. 1995-இல் மேற்குப் பகுதியில் மைக்ரோசிஸ்டிஸ், அதாவது மைக்ரோசிஸ்டின் நச்சைத் தயாரிக்கும் அந்தப் பாக்டீரியா, பச்சை பெயின்ட் கொட்டிவிட்டதுபோல் படர்ந்தது. முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது வரிக்குதிரைச் சிப்பியை. கப்பல்கள் தள்ளாடாமல் இருக்க அடியில் நிரப்பிக்கொள்ளும் நிலைப்பு நீரோடு ஐரோப்பாப் பக்கமிருந்து வந்து 1988-இல் பேரேரிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, விரல் நகம் அளவுச் சிப்பி. தண்ணீரை வடிகட்டி அதிலிருக்கும் பாசியைத் தின்னும். ஆனால் மைக்ரோசிஸ்டிசை மட்டும் பிடிக்காமல் துப்பிவிடும். போட்டியாளர்களைத் தின்று, வில்லனை விட்டுவைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பிக்கு இதில் பங்கு உண்டுதான், ஆனாலும் பாசி ஓர் ஆண்டு பெருகி அடுத்த ஆண்டு சுருங்குவதைச் சிப்பியை வைத்து விளக்க முடியாது. ஏரியில் சிப்பி எல்லா ஆண்டும்தான் இருக்கிறது.

மொத்த பாஸ்பரசைப் பார்த்தால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. மழை அதிகமான சில ஆண்டுகளைத் தவிர்த்தால் எண் இலக்கை ஒட்டியேதான் இருந்தது. நோயாளியின் ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனால் காய்ச்சல் அடிக்கிறது.

விடை ஒரு சின்னக் கல்லூரியின் தண்ணீர் பாட்டில்களில் இருந்தது. ஒஹாயோவில் டிஃபின் என்ற ஊரில் இருக்கும் ஹைடெல்பர்க் கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்) 1975 முதல் ஈரியில் கலக்கும் ஆறுகளின் தண்ணீரைத் தொடர்ந்து எடுத்துச் சோதித்துவருகிறது. வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்றெல்லாம் இல்லை, தினமும், வெள்ளம் வந்தால் ஒரே நாளில் பலமுறை. வேலை என்னவோ அலுப்பான வேலைதான். நாற்பது ஆண்டுகள் பாட்டிலை நிரப்பி, லேபிள் ஒட்டி, எண்ணை எழுதுவது. யாரும் இதற்குப் பரிசு கொடுப்பதில்லை. ஆனால் அந்த நீளமான கணக்கு இல்லாவிட்டால் ஈரிக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் பாஸ்பரசை இரண்டாகப் பிரித்து அளந்திருந்தார்கள். மண் துகளில் ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸ் ஒன்று, தண்ணீரில் கரைந்தே வரும் பாஸ்பரஸ் இன்னொன்று. துகளில் ஒட்டியிருப்பது பிக்சட் டெபாசிட் மாதிரி. இருக்கிறது, ஆனால் பாசி நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவு செய்ய முடியாது. அதில் கால்பங்கு போலத்தான் பாசிக்குக் கிடைக்கும், மிச்சம் அடியில் படிந்துவிடும். கரைந்திருப்பது கையில் இருக்கும் ரொக்கம், கிட்டத்தட்ட முழுவதையும் பாசி உடனே எடுத்துக்கொள்ளும். 1990களின் நடுவிலிருந்து மாமீ ஆற்றில் துகள் பாஸ்பரஸ் கூடவில்லை, கரைந்த பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இலக்கு ‘மொத்த பாஸ்பரஸ்’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்ததால், அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அபாய மணி அடிக்கவே இல்லை.

வயலில் என்ன மாறியது?

இங்கேதான் கதை கொஞ்சம் சங்கடமானது, ஏன் என்றால் ஏரியைக் காப்பாற்றச் செய்த ஒரு நல்ல காரியத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

டொலிடோவின் தென்மேற்கே ஒரு காலத்தில் பெரிய கருஞ்சதுப்பு என்ற பெயரில் 4,000 சதுர கி.மீ. போல ஒரு சதுப்புக்காடு கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அதை வடித்து வயலாக்கினார்கள். எப்படி? நிலத்துக்கு அடியில் வரிசை வரிசையாகச் சுட்ட மண்குழாய்களைப் பதித்து, மண்ணில் தேங்கும் தண்ணீரை வாய்க்காலுக்கு இழுத்துவிட்டார்கள். இப்போது மண்குழாய்க்குப் பதில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், இடைவெளியும் முன்பைவிட நெருக்கம். இந்தக் குழாய் இல்லாமல் அந்தக் களிமண்ணில் வசந்தத்தில் டிராக்டர் இறங்கவே முடியாது. ஏரிக்கு வடிகட்டியாக இருந்த சதுப்பு போய், ஏரிக்குக் குறுக்குவழி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அப்புறம் 1980களிலும் 1990களிலும் உழாமல் விதைக்கும் முறை பரவியது. உழுதால் மண் அரிக்கும், மண்ணோடு பாஸ்பரஸ் போகும், ஆகவே உழாதீர்கள் என்று ஏரியைக் காரணம் காட்டியே ஊக்கப்படுத்தினார்கள். அது வேலையும் செய்தது, மண் அரிப்பு குறைந்தது, துகள் பாஸ்பரஸ் குறைந்தது. ஆனால் உழாத நிலத்தில் உரத்தை மேலே தூவிவிட்டால் அது மேலேயேதான் கிடக்கும், கலந்துவிட ஏர் இல்லையே. ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணின் முதல் சில சென்டிமீட்டரில் பாஸ்பரஸ் சேர்ந்துகொண்டே போயிற்று. கூடவே, உழாத மண்ணில் மண்புழு துளைகளும் வேர்த்துளைகளும் கலையாமல் இருக்கும். மண்ணுக்கு அது ஆரோக்கியம்தான், ஆனால் பெருமழை பெய்யும்போது மேலே கிடக்கும் பாஸ்பரசைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் அந்தத் துளை வழியாக நேரே அடிக்குழாய்க்கு இறங்கி, வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. வழியில் மண் அதைப் பிடித்துவைக்க நேரமே கிடைப்பதில்லை.

பண்ணைகளும் பெரிதாகிவிட்டன. பெரிய பண்ணைக்காரருக்கு வசந்தத்தில் நேரம் இருக்காது, அதனால் அறுவடை முடிந்த கையோடு இலையுதிர் காலத்திலேயே உரத்தை இறைத்துவிடுவார், பயிர் வருவதற்கு முன்னால் ஆறு மாத மழையும் பனிக்கரைவும் அதன்மேல் ஓடும். கால்நடைச் சாணக் கரைசலையும் வயலில்தான் விடுகிறார்கள். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உழாத முறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உரத்தை மேலே தூவாமல் விதைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் செலுத்தியிருந்தால் உழாத முறையின் நன்மையும் கிடைத்திருக்கும், இந்தத் தொல்லையும் குறைந்திருக்கும். அப்படிச் செலுத்தும் இயந்திரத்துக்கு விலை அதிகம், தூவுவது மலிவு, அவ்வளவுதான்.

மழை

மேலே சொன்னதெல்லாம் துப்பாக்கியில் குண்டு நிரப்பிய கதை. விசையை இழுப்பது மழை.

மாமீயில் மார்ச் முதல் ஜூலை வரை ஓடிவரும் பாஸ்பரஸ் அளவுதான் அந்த ஆண்டுக் கோடையில் பாசி எவ்வளவு பெரிதாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த உறவு எவ்வளவு உறுதியானது என்றால், அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா 2012 முதல் ஒவ்வொரு கோடையிலும் இதை வைத்தே முன்கணிப்பு வெளியிடுகிறது, 2011-ஆம் ஆண்டின் பாசியை 10 என்று வைத்துக்கொண்ட ஓர் அளவுகோலில்.

ஏன் 2011? அந்த வசந்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமழை, மே மாதத்தில் மாமீ பெருக்கெடுத்து ஓடியது, அப்புறம் கோடை வெப்பமாகவும் காற்றில்லாமலும் அமைந்தது. பாசி 5,000 சதுர கி.மீ.க்கு மேல் பரவியது, அதுவரை பார்த்திராத அளவு. அடுத்த ஆண்டு, 2012-இல், கடுமையான வறட்சி. அதே வயல்கள், அதே விவசாயிகள். ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை, பாசியும் கொஞ்சம்தான். 2015-இல் மீண்டும் ஜூன் மாதப் பெருமழை, பாசி 2011-ஐயும் தாண்டி 10.5-ஐத் தொட்டது.

பருவநிலை மாற்றம் இங்கே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கனமழைகளின் பங்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தெளிவாகக் கூடியிருக்கிறது, வெப்பமான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்ற எளிய இயற்பியல்தான். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2002-க்குப் பிறகு மாமீ உள்ளிட்ட ஆறுகளில் கரைந்த பாஸ்பரஸ் கூடியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீரின் அளவு கூடியதால் வந்தது, மிச்சம் அந்தத் தண்ணீரில் பாஸ்பரஸ் முன்பைவிட எளிதாகக் கரைந்து வந்ததால் என்று கணக்கிட்டது. அதாவது ‘எல்லாம் வானிலை, நாங்கள் என்ன செய்ய’ என்பதும் நிற்காது, ‘வானிலைக்கு இதில் சம்பந்தமே இல்லை’ என்பதும் நிற்காது. வெப்பமும் மைக்ரோசிஸ்டிசுக்கு உதவி, 25 டிகிரிக்கு மேல் அது மற்ற பாசிகளை முந்தும். உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைகளால் மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்றில்லாத நாளில் மேற்பரப்பில் தடித்த ஆடையாகப் படரும்.

பிறகு 2019. வசந்தம் முழுக்க விடாத மழை, வயலில் கால்வைக்க முடியவில்லை, ஒஹாயோவில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்கவே இல்லை. விதைக்காததால் அந்த வயல்களுக்குப் புதிதாக உரமும் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏராளமாக ஓடியும் கரைந்த பாஸ்பரஸ் அவ்வளவு ஓட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தது. விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம். ஆய்வாளர்களுக்கு, யாரும் திட்டமிட்டுச் செய்யவே முடியாத ஒரு சோதனை ஓசியில் கிடைத்தது. பல பத்தாண்டுகளாக மண்ணில் சேர்ந்த பழைய பாஸ்பரஸ் ஒரு பக்கம் கசிந்துகொண்டிருந்தாலும், புதிதாக இடும் உரத்தைக் குறைத்தால் அதே பருவத்திலேயே ஆற்றில் வித்தியாசம் தெரியும் என்று அது காட்டியது. பழைய பாஸ்பரஸ் கரைய எத்தனையோ ஆண்டுகள் ஆகும், அதுவரை எதுவும் நடக்காது என்ற சாக்குக்கு அது நல்ல பதில்.

சரி, டொலிடோவில் அன்றிரவு என்ன ஆனது?

விநோதம் என்னவென்றால் 2014-இன் பாசி அப்படியொன்றும் பெரியதில்லை, அந்த அளவுகோலில் 6.5. மாட்டிக்கொண்டது இடத்தால். டொலிடோ தண்ணீர் எடுக்கும் இடம் கரையிலிருந்து ஐந்து கி.மீ. போல ஏரிக்குள் இருக்கிறது, ஆழம் அதிகமில்லாத பகுதி. காற்று பாசியை அந்தப் பக்கம் தள்ளி, மேலே மிதந்ததைக் கலக்கிக் கீழே வரை இறக்கிவிட்டது. உறிஞ்சு குழாய் அதை இழுத்துக்கொண்டது.

நச்சு செல்லுக்குள் இருக்கும்வரை சமாளிக்கலாம். செல்லை முழுசாகப் படியவைத்து வடிகட்டி எடுத்துவிட்டால் நச்சும் கூடவே போய்விடும். செல் உடைந்து நச்சு தண்ணீரில் கரைந்துவிட்டால்தான் சிக்கல், அது வடிகட்டியைத் தாண்டும். அதைப் பிடிக்கப் பொடியாக்கிய செயல்கரி வேண்டும், மிச்சத்தைச் சிதைக்கப் போதுமான குளோரின் வேண்டும். சுத்திகரிப்பின் தொடக்கத்திலேயே வீரியமான ரசாயனத்தைப் போட்டால் செல் உடையும், போடாவிட்டால் வேறு தொல்லை. அந்த நேரத்தில் ஏரியிலேயே வைரஸ் தாக்கி மைக்ரோசிஸ்டிஸ் செல்கள் உடைந்துகொண்டிருந்தன என்றும் பின்னர் ஓர் ஆய்வு சொன்னது, அப்படியென்றால் நிலையத்துக்குள் வரும்போதே நச்சு கரைந்துதான் வந்திருக்கிறது.

சுத்திகரித்த தண்ணீரிலேயே மைக்ரோசிஸ்டின் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவுக்கா இந்த அமளி என்று கேட்கலாம். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நச்சு கலந்த தண்ணீர் டயாலிசிஸ் வழியாக நேரே ரத்தத்தில் கலந்ததில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட எந்தத் தண்ணீர் அதிகாரியும் துணிந்து குழாயைத் திறந்துவைக்க மாட்டார். டொலிடோ அறிவிப்பு விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், நள்ளிரவு தாண்டி விட்டதும்கூட.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஓராண்டுக்கு முன், 2013 செப்டம்பரில், அதே கரையில் இருக்கும் கேரல் டவுன்ஷிப் என்ற சிற்றூர் இதே நச்சுக்காகத் தன் சுத்திகரிப்பு நிலையத்தையே மூடியது. அங்கே 2,000 பேர் போலத்தான், அதனால் தலைப்புச் செய்தி ஆகவில்லை. 2014-இல் குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு அமெரிக்காவில் நாடு தழுவிய வரம்பு எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆலோசனை அளவு வெளியிட்டது: பள்ளிக்குப் போகும் வயதாகாத குழந்தைகளுக்கு 0.3 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 1.6. அதுவும் ஆலோசனைதான்.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

1972 சட்டம் குழாய் முனைகளைப் பிடித்தது. ஆலையின் குழாய், சாக்கடை நிலையத்தின் குழாய், எல்லாவற்றுக்கும் அனுமதி, அளவு, அபராதம். வயலில் விழும் மழையோடு ஓடிவருவதற்கு விலக்கு. மாமீ படுகையில் வயலின் அடிக்குழாய் ஓடைக்கரையில் வந்து திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம், கைவைத்துத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது குழாய் இல்லை! 1970களில் சாக்கடைதான் பெரிய எதிரி என்பதால் இந்த விலக்கு அப்போது உறுத்தவில்லை. சாக்கடை பெருமளவு சரியான பிறகு மிச்சம் இருந்தது விலக்குக்குள் இருந்த பங்குதான்.

அதனால் 2014-க்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி ‘தயவுசெய்து’ வகை. 2015-இல் ஒஹாயோ, உறைந்த நிலத்திலும் பனி மூடிய நிலத்திலும் ஈரம் ஊறிய நிலத்திலும் இந்தப் படுகையில் சாணமும் உரமும் போடக்கூடாது என்று சட்டம் போட்டது, அது உருப்படியான ஒன்று. அதே ஆண்டு ஒஹாயோ, மிச்சிகன், ஒண்டாரியோ மூன்றும் 2020-க்குள் 20 சதவீதமும் 2025-க்குள் 40 சதவீதமும் பாஸ்பரசைக் குறைப்பதாக உறுதி சொன்னன. 2016-இல் இரு நாடுகளும் புதிய இலக்கை ஏற்றுக்கொண்டன: மாமீயிலிருந்து மார்ச் முதல் ஜூலை வரை மொத்த பாஸ்பரஸ் 860 டன், கரைந்த பாஸ்பரஸ் 186 டன். கவனியுங்கள், இப்போது இலக்கில் எந்த ஆறு, எந்த மாதம், எந்த வடிவம் என்று மூன்றும் எழுதியிருக்கிறது. 1978-இல் இருந்த ஒற்றை எண் தவறவிட்டது இந்த மூன்றையும்தான். 2020-இன் 20 சதவீதத்தை மேற்குப் படுகை எட்டவில்லை.

பொறுமை இழந்த டொலிடோ மக்கள் 2019 பிப்ரவரியில் ஈரி ஏரிக்கே சட்ட உரிமைகள் உண்டு என்று வாக்களித்து நகர சாசனத்தில் எழுதினார்கள். ஓராண்டுக்குள் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தூக்கிப்போட்டது, வாசகம் தெளிவில்லாதது, ஒரு நகரத்தின் அதிகாரத்துக்கு மீறியது என்று. சட்டரீதியாகத் தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த வாக்கெடுப்பு வரைக்கும் போனதற்குக் காரணம், ஆற்றின் மேல்பகுதியில் என்ன நடக்கிறது என்பதில் கீழே தண்ணீர் குடிப்பவருக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதுதான்.

2019-இல் ஒஹாயோ தொடங்கிய எச்2ஒஹாயோ திட்டம், உரத்தை மண்ணுக்குள் செலுத்துவது, மண் பரிசோதனைப்படி மட்டும் இடுவது, அடிக்குழாயின் வாயில் தடுப்புப் பலகை வைத்துத் தண்ணீரை நிறுத்திவைப்பது போன்றவற்றுக்கு விவசாயிகளுக்குப் பணம் தருகிறது, சதுப்புகளையும் மீட்கிறது. எனக்கு இதில் சதுப்பு மீட்பு பிடிக்கும், ஆனால் வடித்துத் தள்ளிய 4,000 சதுர கி.மீ.யின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீட்டது துளிதான். உரத்தை எங்கே, எப்போது வைக்கிறோம் என்பதில்தான் சீக்கிரம் கிடைக்கும் பலன் இருக்கிறது என்று 2019-இன் விதைக்காத வயல்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன.

டொலிடோ காத்திருக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரும் செலவில் புதுப்பித்து, நச்சைச் சிதைக்க ஓசோன் வசதியும் சேர்த்துக்கொண்டது. ஏரிக்குள் மிதவைகளில் வைத்த கருவிகள் பாசி உறிஞ்சு குழாய்ப் பக்கம் வருகிறதா என்று முன்கூட்டியே சொல்கின்றன. செலவில் பெரும்பங்கு தண்ணீர் வரி கட்டுபவர்கள் தலையில். கோடைதோறும் ஜூலை வாக்கில் மேற்குப் பகுதி பச்சையாகத் தொடங்கி அக்டோபர் வரை கிடக்கிறது, ஹைடெல்பர்க்காரர்கள் மாமீயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.